விழுந்து எழும்பும் செக்கன்களையும் பழக்குங்கள்

ஆசிரியருக்கு,

ரொறன்ரோவிலும் ஸ்காபரோ, மார்க்கம் பக்கங்களிலும் ஃபிகர் ஸ்கேட்டிங் பழகும் தமிழ்ப் பிள்ளைகளின் பெற்றோருக்காக இதை எழுதுகிறோம். விடியப்புறம் ஐந்து மணிக்கு எழும்பிப் பிள்ளையை ரிங்குக்குக் கூட்டிப்போகும் தாய் தகப்பனுக்குத் தாவல்களின் பெயரெல்லாம் தண்ணீர்பட்ட பாடு. பூட்ஸ், பிளேட், உடுப்பு, பயிற்றுநர் கட்டணம் எதிலும் அவர்கள் குறை வைப்பதில்லை. ஆனால் பயிற்சியில் செய்ததில் பாதியைக்கூடச் செய்ய முடியாமல் பிள்ளை போட்டித் தளத்தைவிட்டு வெளியே வந்தால், "பயந்திட்டாள்", "மனத்துணிவு காணாது" என்ற ஒரு சொல்லோடு கதை முடிந்துவிடுகிறது. பெரும்பாலும் துணிவில் அங்கே குறை இருப்பதில்லை. போட்டியில் நடக்கப்போவதைப் பயிற்சியில் ஒருநாளும் செய்து பார்க்காததுதான் குறை.

வழக்கமான பயிற்சி ஒன்றைக் கவனியுங்கள். இசை தொடங்குகிறது. முதல் தாவலில் பிள்ளை விழுகிறாள். எழும்பி, காற்சட்டையில் ஒட்டிய பனியைத் தட்டி, ஒரு வட்டம் சுற்றி வந்து அதே தாவலைத் திரும்பச் செய்கிறாள். இரண்டாந்தரம் சரிவருகிறது. எல்லோருக்கும் திருப்தி. ஆனால் விழுந்தால் நிற்கலாம், திரும்பச் செய்யலாம் என்பதைத்தான் அவளுடைய உடம்பு அன்று கற்றுக்கொண்டது. போட்டியில் இசை நிற்காது. விழுந்து எழும்ப மூன்று நான்கு செக்கன் போய்விடும். அதைப் பிடிக்க அவள் அவசரப்படுவாள். அடுத்த தாவலுக்குப் போகும் பிளேட்டின் விளிம்பு ஆழமில்லாமல் போகும், தோள் முந்திக்கொள்ளும், அந்தத் தாவலும் போய்விடும். ஒரு பிழை மூன்று பிழையாவது இப்படித்தான். இதை மனப்பலவீனம் என்று சொல்வது பிள்ளைக்குச் செய்யும் அநியாயம்.

ஆகவே போட்டிக்கு ஆறு கிழமை முன்பிருந்து, புரோகிராமை (இசைக்கு அமைத்த முழு ஆட்டத்தை) இசையோடு தொடங்கினால் முடியும்வரை நிறுத்தக்கூடாது. முதல் இரண்டு கிழமை முன்பாதி, பின்பாதி என்று பிரித்து ஓடலாம். பிறகு ஒவ்வொரு பயிற்சி நாளும் ஒரு முழு ஓட்டம். விட்ட தாவலைச் செய்து பார்ப்பதெல்லாம் இசை முடிந்த பிறகு. கடைசிக் கிழமையில் தாவல்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், வேகத்தைக் குறைக்கக்கூடாது. போட்டிக்கு முதல்நாள்வரை நாற்பது ஐம்பது தரம் தாவவிட்டுப் பிள்ளையின் கால் பாரமாகிவிட்டது என்று கவலைப்படுவதில் பயனில்லை.

இசையில் மூன்று அல்லது நான்கு இடங்களைச் சந்திப்பு இடமாகக் குறித்து வையுங்கள். எங்கே விழுந்தாலும் அடுத்த சந்திப்பு இடத்தில் இசையோடு சேர்ந்துவிட வேண்டும். அதற்காக எதை விடலாம் என்பதும் முன்கூட்டியே தீர்மானமாக இருக்கட்டும்: இரண்டு கிராஸ்ஓவர் (காலைக் குறுக்கே வைத்து ஓடும் அடி), ஒரு கையசைவு, ஒரு சிறு திருப்பம். சுழலின் சுற்றுகளைக் குறைப்பது பிழை, ஏனென்றால் சுழலின் தரநிலை (புள்ளியைத் தீர்மானிக்கும் கடினப் படி) அதில் போய்விடும். கிழமையில் ஒருதரம் பயிற்றுநர், இசை தொடங்கப் போகும் நேரத்தில், "இன்றைக்கு இரண்டாவது தாவலில் விழுந்ததாக வை" என்று சொல்ல வேண்டும். பிள்ளை அந்த இடத்தில் வேண்டுமென்றே பனியில் குந்தியிருந்து, எழும்பி, மூச்சை நீளமாக வெளியே விட்டு, கண்ணை அடுத்த மூலையில் வைத்து, அடுத்த கூறுக்கான சொல்லை மனதில் சொல்லிப் புறப்பட வேண்டும். மூச்சு, கண், சொல் என்ற இந்த ஒழுங்கு பத்துச் செக்கனுக்குள் முடிய வேண்டும். இருபது தரம் செய்த பிள்ளைக்குப் போட்டியில் விழுவது புது அனுபவமாக இருக்காது.

2012 முதல் நம் ரொறன்ரோவில் பயிற்றுநர் பிரையன் ஓர்சரிடம் பயின்ற ஜப்பானின் யுசுரு ஹன்யுவை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்கில், போட்டியின் முதல் பகுதியான ஷோர்ட் புரோகிராமின் முதல் தாவலான நான்கு சுற்று சல்கோவுக்கு எழும்பும்போது, பனியில் இருந்த குழி ஒன்றில் அவருடைய பிளேட் சிக்கியது. நான்கு சுற்று ஒற்றைச் சுற்றானது. அந்தத் தாவலுக்குப் புள்ளி பூச்சியம். இரண்டு தங்கம் வென்றவருக்கு மூன்றாவது ஒலிம்பிக்கின் தொடக்கம் அது. ஆனால் அதன் பின் வந்த தொடர்தாவலும் டிரிபிள் அக்சலும் பிசகாமல் வந்தன. 95.15 புள்ளியோடு 8ஆம் இடத்தில் நின்றார். குழியை அவரால் தடுத்திருக்க முடியாது. அடுத்த தாவல் மட்டும் அவர் கையில் இருந்தது.

அடுத்து, பெற்றோர் அதிகம் கவனிக்காத ஒன்று: பொப் பண்ணுதல். மூன்று சுற்றுக்கு எழும்பிய பிள்ளை காற்றில் கையை விரித்து ஒரு சுற்றோடு இறங்கிவிடுவது. விழவில்லை, நோகவில்லை என்பதால் பயிற்சியில் இதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். விழுவதைவிட இதைத்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. கணக்கைப் பாருங்கள். சர்வதேச ஸ்கேட்டிங் ஒன்றியத்தின் 2024-25 பருவ அட்டவணைப்படி மூன்று சுற்றுத் தாவலான டிரிபிள் லட்ஸின் அடிப்படை மதிப்பு 5.90. சுற்றை முடித்து விழுந்தால், தரத்துக்கு நடுவர்கள் போடும் ஆகக் குறைந்த மதிப்பீடான மைனஸ் 5 விழும்போது பாதி மதிப்பு, அதாவது 2.95, போகும். விழுந்ததற்கு இன்னும் ஒரு புள்ளி கழியும். மிஞ்சுவது 1.95. அதே தாவலைப் பொப் பண்ணி ஒற்றை லட்ஸாக்கினால் ஃப்ரீ ஸ்கேட்டில் (போட்டியின் இரண்டாவது, நீளமான பகுதியில்) 0.60. ஷோர்ட் புரோகிராமில் ஒன்றுமே இல்லை. டபுள் அக்சலில் இந்தக் கணக்கு மாறும்: விழுந்தால் 0.65 மிஞ்சும், ஃப்ரீ ஸ்கேட்டில் ஒற்றை அக்சலுக்கு 1.10 கிடைக்கும். உள்ளூர்க் கீழ்நிலைப் போட்டிகளில் விழுவதற்கான கழிவும் வேறு. எனவே உங்கள் பிள்ளையின் நிலைக்குரிய விதியைப் பயிற்றுநரிடம் கேட்டு, எந்தத் தாவலுக்கு எது லாபம் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். தயக்கம் வரும் இடத்தில் முன்பே எடுத்த முடிவு ஒன்று இருந்தால் பாதித் தயக்கம் அங்கேயே போய்விடும்.

பயிற்சியில் ஒவ்வொரு தாவலுக்கும் மூன்று கோடு போட்டு எண்ணுங்கள்: இறங்கியது எத்தனை, விழுந்தது எத்தனை, பொப் பண்ணியது எத்தனை. இருபது முயற்சியில் பொப் மட்டும் எட்டு ஒன்பது என்று வந்தால், அந்தப் பிள்ளைக்குத் தாவல் தெரியும், எழும்பும் கணத்தில் சந்தேகம் வருகிறது என்று அர்த்தம். அதற்கு மருந்து இன்னும் இருபது தரம் தாவுவது அல்ல. ஹார்னஸில் (மேலிருந்து தாங்கும் கயிற்றுப் பட்டியில்) கட்டி, சுற்றை முடித்தே ஆக வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு ஐந்து தரம் செய்விப்பது. எப்படி இறங்கினாலும் பரவாயில்லை.

மாற்றுத் திட்டமும் இப்படித்தான். முதலில் செய்யவேண்டிய டிரிபிள் லட்ஸ் - டோ லூப் தொடர்தாவலில் லட்ஸோடு நின்றுவிட்டால், டோ லூப்பை எங்கே ஒட்டுவது? ஒட்டாமல் விட்டு, பிறகு இன்னொரு தனி லட்ஸ் செய்தால், திரும்பச் செய்த அந்தத் தாவலுக்கு 70 சதவீத மதிப்புத்தான். இறங்கி அரைச் செக்கனுக்குள் இதையெல்லாம் ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளை கணக்குப் போட முடியாது. "லட்ஸில் விட்டால் ஃபிளிப்பில் ஒட்டு, ஃபிளிப்பிலும் விட்டால் கடைசி சல்கோவில் டபுள் ஒட்டு" என்று இரண்டே வரியாக, வாய்ப்பாடு போல இருக்க வேண்டும். மூன்று ஓட்டத்துக்கு ஒன்றிலாவது அதைச் செய்து பார்த்திருக்கவும் வேண்டும்.

இனி, ஓடுமுன் தளத்தில் உடம்பைச் சூடாக்கும் ஆறு நிமிட வார்ம்-அப். தனியாள் பிரிவில் ஒரு குழுவில் அதிகபட்சம் ஆறு பேர் ஒன்றாகத் தளத்தில் இறங்குவார்கள். சிறுவர் பிரிவுகளில் நேரம் இன்னும் குறைவாக இருக்கலாம். பல பிள்ளைகளுக்குப் போட்டி இங்கேயே தோற்றுப்போகிறது. விட்ட தாவலையே திரும்பத் திரும்பத் தாவி, நான்கு தரம் விழுந்து, நனைந்த உடுப்போடும் ஓய்ந்த காலோடும் வெளியே வருகிறார்கள். ஒரு நிமிடம் இரண்டு திசையிலும் கிராஸ்ஓவரும் விளிம்பும். அடுத்த நிமிடம் இலகுவான தாவல்களும் அக்சலும். இரண்டாவது நிமிடத்திலிருந்து நாலரை நிமிடம்வரை கடினமான தாவல்கள், புரோகிராமில் வரும் ஒழுங்கிலேயே, ஒவ்வொன்றும் கூடினால் இரண்டு தரம். இரண்டும் விட்டால் அதன் நுழைவை மட்டும் தாவாமல் ஓடிப் பார்த்துவிட்டு அடுத்ததுக்குப் போய்விட வேண்டும். இந்தக் கட்டுப்பாடு கடினம், ஆனால் இதில் விட்டுக்கொடுக்கக்கூடாது. பிறகு ஒரு சுழல், தொடக்க நிலையிலிருந்து முதல் எட்டுப் பத்துச் செக்கன் அசைவு. கடைசியாக ஒருநாளும் பிசகாத ஒரு தாவல். அந்த இறக்கத்தின் உணர்வோடு தளத்தைவிட்டு வெளியே வர வேண்டும்.

மற்றவர் எங்கே போகிறார் என்று பார்ப்பதும் இதில் ஒரு திறன். பின்பக்கமாக ஓடத் தொடங்குமுன் இரண்டு தோளுக்கும் மேலால் பார்க்கப் பழக்குங்கள். 2014 நவம்பரில் ஷங்காயில் நடந்த சீனக் கிண்ணப் போட்டியின் வார்ம்-அப்பில் ஹன்யுவும் சீனாவின் யான் ஹானும் முழு வேகத்தில் மோதி விழுந்தார்கள். தலையில் கட்டோடு ஓடிய ஹன்யு ஐந்து தரம் விழுந்தும் இரண்டாம் இடம் பெற்றார். அதை வீரமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லவே கூடாது. தலை அடிபட்ட பிள்ளை அன்றைக்குத் தளத்தில் மறுபடி இறங்கக்கூடாது.

வார்ம்-அப் முடிந்து முதலாவதாக ஓடும் பிள்ளைக்கு ஓய்வே இல்லை. அவள் ஐந்து நிமிடத்தோடு தாவலை நிறுத்தி, தளத்தின் ஓரத்துக்கு வந்து, மூச்சை அடக்கிக்கொள்ள வேண்டும். ஆறாவதாக ஓடுபவளுக்கு அரை மணித்தியாலம்வரை காத்திருப்பு. அவள் லேஸைத் தளர்த்தி, மேலங்கி போட்டு, நடக்க வேண்டும். மற்றவர்களின் புள்ளியைப் பார்த்துக்கொண்டு இருக்கக்கூடாது. தன் முறைக்குப் பத்து நிமிடம் முன்பு லேஸைக் கட்டி, சிறு துள்ளல்களும் தரையிலேயே சுற்றிப் பார்ப்பதும் செய்து உடம்பைத் திரும்பச் சூடாக்க வேண்டும். இரண்டு நிலையையும் பயிற்சியில் செய்து பார்க்காமல் போவதால்தான் குலுக்கலில் வந்த இலக்கத்தைக் கண்டதும் முகம் வாடுகிறது.

பெயர் கூப்பிட்டு 30 செக்கனுக்குள் தொடக்க நிலையில் நிற்க வேண்டும் என்பது சர்வதேச விதி. பிந்தினால் ஒரு புள்ளி கழியும். இந்த 30 செக்கனையும் மணிக்கூடு பிடித்துப் பழக்கலாம்: பயிற்றுநரின் கையைத் தொடுதல், ஒரு வளைவு, நிலைக்கு வருதல். நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளே எடுத்து ஆறு எண்ணும்வரை வெளியே விடுவதை, பெயர் கூப்பிடுமுன் மூன்று தரம் செய்யட்டும். தொடக்க நிலையில் நிற்கும்போது பல பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். முதல் சுரம் கேட்கும்போது மூச்சு வெளியே போக வேண்டும். புரோகிராமின் நடுவிலும் இரண்டு மூன்று மூச்சு இடங்களைக் குறித்து வையுங்கள். கடைசித் தாவல் போவதற்குப் பயத்தைவிட மூச்சு முட்டுவதே அடிக்கடி காரணம்.

நெஞ்சு படபடப்பதை இல்லாமல் செய்யப் பாடுபட வேண்டாம். கை குளிர்வதும் வயிறு கலங்குவதும் உடம்பு தயாராவதன் அடையாளம் என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். ஆனால் படபடக்கும் உடம்பு தாவலை மாற்றிவிடும். சாதாரண நாளைவிட வேகமாக எழும்பும், தேவைக்கு மேல் சுற்றிவிடும். அதனால் தளத்துக்கு வெளியே ஒரு நிமிடம் கயிறடித்து, நெஞ்சு அடிக்க அடிக்க உள்ளே வந்து தொடக்கத் தாவலைச் செய்யும் பயிற்சி கிழமைக்கு இரண்டு தரமாவது வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது மனக்காட்சி. பிள்ளை கண்ணை மூடி, பார்வையாளர் இருக்கையிலிருந்து பார்ப்பதுபோல அல்லாமல், தன் காலுக்குள் இருந்தபடி, புரோகிராமை முழுதாக மனதில் ஓட வேண்டும். தொடங்கும்போது ஸ்டாப்வாட்சை அமுக்கி, முடிந்ததும் நிறுத்தட்டும். 2 நிமிடம் 40 செக்கன் ஷோர்ட் புரோகிராம் மனதில் 2 நிமிடம் 10 செக்கனில் முடிந்தால் எங்கோ ஒரு பகுதியைப் பிள்ளை தாண்டிப் போயிருக்கிறாள். எந்த இடம் மங்கலாக இருந்தது என்று கேளுங்கள். அநேகமாக அவள் பயப்படும் தாவலாகவே இருக்கும். அதன் நுழைவை மட்டும் மெதுவாக ஐந்து தரம் மனதில் ஓடவிட்டு, அந்தத் தாவல் நன்றாக இறங்கிய வீடியோவைப் பார்க்கவிட்டு, பிறகு முழுவதையும் ஓடவிடுங்கள். உண்மையான நேரத்துக்கு ஐந்து செக்கன் கூடக்குறைய வந்தால் போதும். நாளுக்கு ஒருதரம், படுக்கப் போகுமுன் இல்லாமல் பின்னேரத்தில் செய்வது நல்லது. சில பிள்ளைகளுக்கு அது நித்திரையைக் கெடுக்கிறது.

தாவலுக்கான சொற்கள் செய்ய வேண்டியதைச் சொல்பவையாக இருக்க வேண்டும். "பொறு", "தோள்", "இறுக்கு" போல ஒரு சொல், புரோகிராம் முழுவதற்கும் ஐந்து அல்லது ஆறுக்கு மேல் வேண்டாம். "விழுந்திடாதை பிள்ளை, கவனம்" என்று ஓரத்தில் நின்று அம்மா அன்போடு சொல்லும்போது பிள்ளையின் மனதில் வந்து நிற்பது விழுகிற காட்சிதான்.

பொருட்களைப் பற்றிச் சுருக்கமாக: பிளேட்டைப் போட்டிக்கு முதல்நாள் தீட்ட வேண்டாம், ஐந்து ஏழு நாள் முன்னரே தீட்டி அதில் பழகிவிடட்டும். புது உடுப்போடு மூன்று முழு ஓட்டமாவது ஓட வேண்டும். தலை அலங்காரத்தில் ஒன்று கழன்று பனியில் விழுந்தால் ஒரு புள்ளி போகும். பையில் இரண்டு சோடி லேஸ், திருகாணிகள், திருப்புளி, இசையின் இரண்டாவது பிரதி. லேஸ் அறுந்தால் 40 செக்கனுக்குள் மத்தியஸ்தரிடம் போய்ச் சொன்னால் மூன்று நிமிடம்வரை கிடைக்கும், ஆனால் 5 புள்ளி கழியும். இது தெரியாமல் அழுதுகொண்டு நிற்கும் பிள்ளை போட்டியையே இழக்கிறாள். சாப்பாடு மூன்று மணித்தியாலம் முன்பு, வழக்கமாகச் சாப்பிடுவதுதான். புட்டும் கறியும் ஓடி முடிந்த பிறகு இருக்கட்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது வீடு திரும்பும் கார்ப் பயணம். "ஏன் அந்த அக்சலை விட்டனீ?" என்ற கேள்விக்குப் பிள்ளையிடம் பதில் இருக்காது. விட்டது ஏன் என்று தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டாள். புள்ளித் தாளை அடுத்த நாள் பயிற்றுநரோடு இருந்து பாருங்கள். ஷோர்ட் புரோகிராமுக்கும் ஃப்ரீ ஸ்கேட்டுக்கும் நடுவில் வரும் இரவில் இது இன்னும் முக்கியம். 2014 சோச்சி ஒலிம்பிக்கில் ஜப்பானின் மாவோ அசாடா ஷோர்ட் புரோகிராமில் 55.51 புள்ளியோடு 16ஆம் இடம். அடுத்த நாள் ஃப்ரீ ஸ்கேட்டில் 142.71 பெற்று 6ஆம் இடத்துக்கு வந்தார். 2018 பியோங்சாங் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் நேதன் சென் 17ஆம் இடத்தில் கிடந்து, அடுத்த நாள் ஆறு நான்கு சுற்றுத் தாவல்களோடு ஃப்ரீ ஸ்கேட்டில் முதலாவதாக வந்து, மொத்தத்தில் 5ஆம் இடம் பிடித்தார். 2022இல் தங்கமும் அவருக்கே. ஓர் இரவில் யாரும் தாவலை மறப்பதுமில்லை, புதிதாகக் கற்பதுமில்லை. அந்த இரவில் பிள்ளைக்கு வேண்டியது சாப்பாடு, சுடுதண்ணீர்க் குளிப்பு, நித்திரை, தாவலைப் பற்றிப் பேசாத ஒரு அப்பா.

உடம்பைப் பற்றிப் பேசுவதையும் நிறுத்துங்கள். "கொஞ்சம் மெலிஞ்சால் சுற்று வரும்" என்ற பேச்சு ஆபத்தானது. சோச்சியில் 15 வயதில் அணித் தங்கம் வென்ற ரஷ்யாவின் யூலியா லிப்னிட்ஸ்காயா உணவுமறுப்பு நோயால் 2017இல் இந்த விளையாட்டையே விட்டார். பிள்ளை இரண்டு மூன்று கிழமையாக நித்திரை கொள்ளாவிட்டால், சாப்பாட்டைத் தவிர்த்தால், தெரிந்த தாவலைத் தொடங்கவே முடியாமல் உறைந்து நின்றால், மூச்சுப் பயிற்சியால் தீர்க்கப் பார்க்காமல் குடும்ப வைத்தியரிடம் போங்கள். ஒன்ராறியோவில் உளவியலாளர் என்ற பெயரைப் பதிவு பெற்றவர் மட்டுமே பாவிக்கலாம். மனத்திறன் பயிற்றுநர் என்று சொல்பவரிடம் அவருடைய தகுதியைக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

கழகங்களிடம் ஒரு கோரிக்கை. வழக்கமான பயிற்சி வேளையில் இருபது பிள்ளைகள் இசைக்கு வரிசையில் நிற்கும்போது ஒருவருக்கு ஒருதரம்கூட முழு ஓட்டம் ஒழுங்காகக் கிடைப்பதில்லை. போட்டிப் பருவத்தில் மாதம் ஒரு மணித்தியாலம் தளத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள். ஆறு பேர் கொண்ட குழு, ஆறு நிமிட வார்ம்-அப், பிறகு ஆளுக்கு மூன்றரை நிமிடம். சிறுவர் பிரிவின் இரண்டரை நிமிடப் புரோகிராமுக்கு அது போதும். ஒரு குழு 27 நிமிடத்தில் முடியும், ஒரு மணித்தியாலத்தில் இரண்டு குழு ஓடலாம். போட்டி உடுப்பு. பெயர் கூப்பிட ஒலிவாங்கியோடு ஒருவர், 30 செக்கன் பிடிக்க ஒருவர், மேசையில் பேனையோடு பிள்ளைக்கு முன்பின் தெரியாத மூன்று பெரியவர்கள். ஓடும் ஒழுங்கைக் குலுக்கலில் எடுங்கள். யார் விழுந்தாலும் இசையை நிறுத்தக்கூடாது. பெற்றோர் மேலே இருக்கையில் இருந்து எல்லாப் பிள்ளைக்கும் கை தட்டட்டும், கைப்பேசி பைக்குள் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஃபிகர் ஸ்கேட்டிங் பயிற்றுநர்கள் சிலர்,
ஸ்காபரோ.